சப்வூஃபர் வாங்கும் முன் பெட்டியைப் பேசுவோம்

கார் ஆடியோ கடையில் சப்வூஃபர் (பாட்டின் தாழ்ந்த ஒலியை, அதாவது பேஸை, மட்டும் எழுப்பும் ஸ்பீக்கர்) என்று வாயெடுத்தால் பேச்சு இரண்டு எண்களைத்தான் சுற்றும். எத்தனை இஞ்ச், எத்தனை வாட்ஸ். பத்தா பன்னிரண்டா, ஆயிரமா ஆயிரத்து முந்நூறா. பெட்டியைப் பற்றிக் கேட்டால் "அது கூடவே வந்துடும் சார்" என்று முடித்துவிடுவார்கள். சென்னை ஜி.பி. ரோட்டிலும் இதே கதைதான், எங்கள் ஊர் பைபாஸ் ஓரக் கடையிலும் இதே கதைதான். என்னைக் கேட்டால் இந்த வரிசையே தலைகீழ். முதலில் பார்க்க வேண்டியது கார். அடுத்தது நீங்கள் கேட்கும் பாட்டு. அப்புறம் பெட்டி. ஸ்பீக்கர் கடைசியில்தான்.

மனைவியின் தம்பி ஒரு ஸ்விஃப்ட் வைத்திருக்கிறான். போன மாதம் ஃபோனில் ஒரே உற்சாகம்.

"மாமா, பேஸ் டியூப் ஒண்ணு பார்த்திருக்கேன். கடைக்காரர் போட்டுக் காட்டுனார். செம அடி."

"அடிக்கும் மாப்ள. எந்தப் பாட்டு போட்டாலும் அதே அடிதான் அடிக்கும்."

"அப்படின்னா?"

அந்த "அப்படின்னா"வுக்கு ஃபோனில் பதில் சொல்லி மாளவில்லை. அதனால் இந்தப் பதிவு. (பேஸ் டியூப் என்பது உருளை வடிவப் பெட்டியோடு சேர்த்தே விற்கும் சப்வூஃபர்.)

பெட்டி எதற்கு என்பதிலிருந்து தொடங்கலாம். ஸ்பீக்கரின் கோன் (துடித்து ஒலி எழுப்பும் கூம்பு) முன்னால் வரும்போது முன்பக்கக் காற்று அழுந்துகிறது, அதே கணத்தில் பின்பக்கக் காற்று தளர்கிறது. நொடிக்கு 50 தடவை அதிரும், அதாவது 50 ஹெர்ட்ஸ், ஒலியின் அலைநீளம் கிட்டத்தட்ட 7 மீட்டர். அவ்வளவு நீண்ட அலைக்குப் பத்து இஞ்ச் கோனின் விளிம்பு ஒரு தடையே இல்லை. பின்னலை சுற்றிக்கொண்டு வந்து முன்னலையை அழித்துவிடும். வெறும் சப்வூஃபரை (சுருக்கமாக சப்) கையில் பிடித்துக் குறைந்த சத்தத்தில் ஓட்டினால் இது தெரியும்: கோன் துடிக்கும், பேஸ் மட்டும் வராது. அந்தப் பின்னலையை என்ன செய்வது என்பதில்தான் பெட்டிகள் வேறுபடுகின்றன. உள்ளேயே அடைத்துவிட்டால் சீல்டு பாக்ஸ். ஒரு குழாய் வழியாகத் திருப்பி வேலை வாங்கினால் போர்ட்டட் பாக்ஸ். மற்றவை எல்லாம் இவற்றின் கலவைகள்.

சீல்டு பாக்ஸை இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்தவர் அமெரிக்காவின் எட்கர் வில்ச்சர். 1954இல் ஹென்றி க்ளாஸுடன் சேர்ந்து அக்கூஸ்டிக் ரிசர்ச் கம்பெனியைத் தொடங்கினார். அதுவரை நல்ல பேஸ் வேண்டுமென்றால் பீரோ அளவுக்குப் பெட்டி வேண்டும் என்றுதான் எல்லோரும் நம்பியிருந்தார்கள். அவர் கோனைத் தாங்கும் பிடிப்பைத் தளர்த்திவிட்டு, அடைபட்ட காற்றையே ஸ்பிரிங்காக வேலை செய்ய வைத்தார். ரப்பரும் துணியும் இழுக்க இழுக்க ஒரே சீராக எதிர்ப்பதில்லை. காற்று அவற்றைவிடச் சீராக எதிர்க்கும். சின்னப் பெட்டி, தெளிவான பேஸ். கார் டிக்கிக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

எவ்வளவு சின்னதாகச் செய்யலாம் என்பதைக் கணக்குப் போட்டே சொல்லிவிடலாம். ஆஸ்திரேலியாவின் நெவில் தீல் 1961இலும், அவரைத் தொடர்ந்து ரிச்சர்ட் ஸ்மால் 1970களின் தொடக்கத்திலும் வெளியிட்ட கட்டுரைகள்தான் இதற்கு அடிப்படை. சப்போடு வரும் தாளில் எஃப்எஸ் (சப் இயல்பாக அதிரும் அதிர்வெண்), க்யூடிஎஸ் (அந்த அதிர்வு எவ்வளவு கட்டுப்படுகிறது), விஏஎஸ் (கோனின் பிடிப்புக்குச் சமமான நெகிழ்வுள்ள காற்றின் கொள்ளளவு) என்று இருக்கும் எண்கள் அவர்கள் தந்தவைதான். நிறையப் பேர் அந்தத் தாளை அட்டைப்பெட்டியோடு குப்பையில் போட்டுவிடுகிறார்கள். சப்பைவிட முக்கியமான பொருள் அது.

ஒரு பத்து இஞ்ச் சப்புக்கு எஃப்எஸ் 30 ஹெர்ட்ஸ், க்யூடிஎஸ் 0.45, விஏஎஸ் 50 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். பெட்டியில் பொருத்தியபின் வரும் மொத்த க்யூ 0.707 ஆக இருந்தால் மேடு பள்ளம் இல்லாமல் கூடுமானவரை கீழே இறங்கும். அதற்கு வேண்டிய பெட்டி: 0.707ஐ 0.45ஆல் வகுத்து, வர்க்கப்படுத்தி, ஒன்றைக் கழித்து, வரும் எண்ணால் 50ஐ வகுக்க வேண்டும். 34 லிட்டர் கிடைக்கும். இந்தப் பெட்டியில் 47 ஹெர்ட்ஸில் ஒலி 3 டெசிபல் குறைந்திருக்கும். அதற்குக் கீழே ஒவ்வொரு ஆக்டேவுக்கும் (அதிர்வெண் பாதியாகும் ஒவ்வொரு முறையும்) 12 டெசிபல் வீதம் சரியும்.

47 ஹெர்ட்ஸிலேயே சரிய ஆரம்பித்தால் அது என்ன சப்வூஃபர் என்று கேட்கலாம். வீட்டு ஹாலில் வைத்தால் நியாயமான கேள்வி. காரில் வைத்தால் கதையே வேறு, கடையில் யாரும் சொல்லாத கதையும் அதுதான்.

காரின் உள்ளிடத்தின் நீளம் சுமார் இரண்டரை மீட்டர் என்றால், ஏறக்குறைய 70 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலியின் பாதி அலைகூட உள்ளே அடங்காது. அலை ஓடித் திரும்ப இடமில்லாதபோது சப் செய்வது காரின் மொத்தக் காற்றையும் ஒரேயடியாக அழுத்துவதும் தளர்த்துவதும்தான். அந்த நிலையில் அதிர்வெண் இறங்க இறங்க ஒலியழுத்தம் ஏறும். கோட்பாட்டில் ஆக்டேவுக்கு 12 டெசிபல். நிஜத்தில் கதவுத் தகடு நெளியும், கண்ணாடி ஓரம் காற்று கசியும், அதனால் அதைவிடக் குறையும். ஆனாலும் திசை அதுதான். கேபின் கெயின் என்பது இது. கண்ணாடியை இறக்கினால் ஆழ்ந்த பேஸ் சட்டென்று வற்றிப்போவதைக் கவனித்திருப்பீர்கள். காரணம் இதுவே.

இப்போது இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். சீல்டு பாக்ஸ் கீழே போகப் போக ஆக்டேவுக்கு 12 டெசிபல் இறக்குகிறது. கார் கிட்டத்தட்ட அதையே ஏற்றிவிடுகிறது. இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டி, சின்ன ஹேட்ச்பேக்கில் ஒரு பத்து இஞ்ச் சீல்டு சப் 25, 30 ஹெர்ட்ஸ் வரை அநாயாசமாக இறங்கும். காரே பாதிப் பெட்டி என்று நான் சொல்லிக்கொண்டிருப்பதற்கு இதுதான் காரணம்.

அதே ஸ்விஃப்ட்டில், தானாகவே 35 ஹெர்ட்ஸ் வரை சமமாக ஒலிக்கும் ஒரு போர்ட்டட் பெட்டியை வைத்தால்? சமமாக இருப்பதன் மேல் கார் தன் பங்கை ஏற்றும். 35க்கும் 55க்கும் நடுவில் ஒரு பெரிய மேடு. கடையில் விற்கும் பேஸ் டியூப்கள் பெரும்பாலும் இதைவிட மோசம். பன்னிரண்டு இஞ்ச் சப்புக்குப் போதாத கொள்ளளவு, அதனால் உயரமான டியூனிங் (பெட்டியின் குழாய் முழங்கும் அதிர்வெண்). அந்த ஒரு புள்ளியில் மட்டும் மார்பில் வந்து மோதும். இரண்டு நிமிட டெமோவுக்கு அதுவே போதும், விற்றுவிடலாம்.

எண்பதுகளின் சினிமாப் பாட்டுக் கேட்பவர்களுக்கு இது இன்னும் கொடுமை. அந்தப் பாடல்களில் பேஸ் கிட்டார் சும்மா தாளம் தட்டுவதில்லை, தனியாக ஒரு மெட்டையே வாசித்துக்கொண்டு போகும். நான்கு தந்தி பேஸ் கிட்டாரின் அடி ஸ்வரம் 41 ஹெர்ட்ஸ். அங்கிருந்து ஏறி இறங்கும் ஒவ்வொரு ஸ்வரமும் ஒரே கனத்தில் கேட்டால்தான் அது மெட்டு. 45இல் ஒரு மேடு இருந்தால் அங்கே விழும் ஸ்வரம் மட்டும் "டும்" என்று எகிறும், மற்றவை காணாமல் போகும். மாப்பிள்ளையிடம் "அதே அடி" என்றது இதைத்தான். கணினியில் உருவாக்கிய இன்றைய குத்துப் பாட்டுகளில் ஒரே கீழ் ஸ்வரம் நீளமாக உறுமிக்கொண்டிருக்கும். அங்கே இந்தக் குறை அவ்வளவாகத் தெரியாது. அதையே விரும்பிக் கேட்பவர்களும் உண்டு. ரசனையைப் பற்றி வழக்காட எனக்கு விருப்பமில்லை. தெரிந்து வாங்கட்டும், அவ்வளவே.

இதைப் படித்துவிட்டு எனக்குப் போர்ட்டட் பெட்டி பிடிக்காது என்று நினைக்க வேண்டாம். நன்றாகச் செய்த போர்ட்டட் பெட்டி ஓர் அழகான இயந்திரம். காலி பாட்டிலின் வாயில் ஊதினால் ஒரே சுருதியில் "பூம்" என்று வருமே, அதுதான் தத்துவம். குழாய்க்குள் இருக்கும் காற்று ஓர் எடை, பெட்டிக்குள் இருக்கும் காற்று ஒரு ஸ்பிரிங். அமெரிக்க ஆய்வுக்கூடமான பெல் லேப்ஸின் ஆல்பர்ட் துராஸ் 1930இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்து 1932இல் பெற்றது இந்த யோசனைக்குத்தான். டியூன் செய்த அதிர்வெண்ணில் கோன் ஏறக்குறைய அசையாமல் நிற்க, சத்தமெல்லாம் குழாய் வழியே வரும். கோனுக்கு உழைப்பு குறைவு, அதே ஆம்ப்பில் (ஆம்ப்ளிஃபையரில்) சத்தம் அதிகம்.

கணக்குத்தான் இங்கே கறார். 50 லிட்டர் பெட்டியில் 10 செ.மீ. உள்விட்டமுள்ள குழாய் வைத்து 35 ஹெர்ட்ஸுக்கு டியூன் செய்ய, குழாய் சுமார் 31 செ.மீ. நீளம் வேண்டும். 30 ஹெர்ட்ஸ் வேண்டுமென்றால் அது 45 செ.மீ. ஆகிவிடும். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் நாலு இஞ்ச் பிவிசி பைப்பே போதும், ஆனால் 45 செ.மீ. பைப்பைப் பெட்டிக்குள் எங்கே மடக்குவது? பைப்பின் உள்முனைக்கும் எதிர்ச் சுவருக்கும் இடையே பைப்பின் விட்டம் அளவுக்காவது இடைவெளி விட வேண்டும். பைப்பின் விட்டத்தைச் சிறியதாக்கினால் நீளம் குறையும். ஆனால் சத்தத்தைக் கூட்டும்போது காற்று வேகமெடுத்துப் பாட்டின் நடுவே "புஸ் புஸ்" என்று கேட்கும்.

போர்ட்டட் பெட்டியில் உள்ள மெய்யான ஆபத்து, டியூனிங்குக்குக் கீழே. அங்கே உள்ளிருக்கும் காற்று ஸ்பிரிங்காக இருப்பதை நிறுத்திவிடும். கோனைப் பிடித்து நிறுத்த ஒன்றும் இல்லை. சத்தம் ஆக்டேவுக்கு 24 டெசிபல் வீதம் விழும், கோன் மட்டும் வெறிபிடித்தாற்போல் ஆடும். காதுக்கு ஒன்றும் கேட்காததால் வால்யூமை இன்னும் கூட்டுவோம். சப் கிழிவது இப்படித்தான். ஆம்ப்பில் சப்சானிக் ஃபில்டர் (மிகத் தாழ்ந்த ஒலியை வெட்டும் வடிகட்டி) இருந்தால் டியூனிங்குக்குச் சற்றுக் கீழே வைத்துவிடுங்கள். அது இல்லாத ஆம்ப்போடு போர்ட்டட் பெட்டியை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

தவறு நேர்ந்தால் எது பொறுக்கும் என்றும் பார்க்க வேண்டும். மேலே சொன்ன 34 லிட்டர் சீல்டு பெட்டியை ஆசாரி பாதியாகச் சுருக்கி 17 லிட்டரில் செய்துவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். க்யூ 0.9 பக்கம் ஏறும், ஒலியளவில் வரும் மேடு ஒரு டெசிபலைக்கூடத் தொடாது. கொஞ்சம் இறுக்கமாகக் கேட்கும், அவ்வளவுதான். 35 ஹெர்ட்ஸ் போர்ட்டட் பெட்டி 50க்குப் பதில் 40 லிட்டராக வந்துவிட்டால் டியூனிங் 39க்கு ஏறிவிடும். அங்கே பத்து லிட்டர் பிசகினாலே வேறு பெட்டி.

எந்த சப் எதற்குப் பொருந்தும் என்பதற்கு ஒரு குத்துமதிப்பு விதி உண்டு. எஃப்எஸ்ஸை க்யூஇஎஸ்ஸால் (அதே தாளில் இருக்கும் இன்னோர் எண்) வகுத்தால் வரும் எண் 50க்கு அருகிலோ கீழேயோ இருந்தால் சீல்டு, 100க்கு அருகே இருந்தால் போர்ட்டட், நடுவில் இருந்தால் இரண்டும் ஒத்துவரும். குத்துமதிப்பு என்பதை மறக்கக் கூடாது.

இதுவரை சொன்னது பின்சீட்டுக்குப் பின்னால் திறந்தே கிடக்கும் ஹேட்ச்பேக்குக்கு. டிசையர் மாதிரி செடான் என்றால் நிலைமை மாறும். டிக்கிக்கும் உட்காரும் இடத்துக்கும் நடுவே தகடும் சீட்டும் பார்சல் டிரேயும் (பின்சீட்டுக்குப் பின்னால் உள்ள தட்டு) நிற்கின்றன. சப் எழுப்பும் ஒலியில் ஒரு பகுதி வழியிலேயே தொலையும், தொலையாதது டிக்கி மூடியை அதிரவைக்கும். இங்கே போர்ட்டட் பெட்டியின் கூடுதல் சத்தம் உண்மையிலேயே உதவும். டிக்கியும் பெரியது. 2017 மாடல் டிசையரில் 378 லிட்டர், 2018 ஸ்விஃப்ட்டில் 268. செடானில் 33, 35 ஹெர்ட்ஸுக்கு டியூன் செய்த ஒரு பெட்டி என்றால் நானே சரி என்பேன். பின்சீட்டு மடியுமா, நடுவில் கை வைக்கும் திறப்பு டிக்கி வரை போகிறதா என்று முதலில் பாருங்கள். ஒரு சின்னத் திறப்பு இருந்தாலும் வித்தியாசம் பெரியது.

பெட்டியே இல்லாமல், டிக்கியையே பெட்டியாக்கிப் பார்சல் டிரேயில் சப்பை இறக்கும் முறையும் இருக்கிறது. அதற்கென்றே செய்த, க்யூ அதிகமுள்ள சப் வேண்டும். டிக்கிக்கும் உள்ளுக்கும் இடையே காற்றுப் புகாமல் அடைக்கவும் வேண்டும். அந்த அடைப்பு வேலையை ஒழுங்காகச் செய்து தரும் ஆள் கிடைப்பது அரிது. விட்டுவிடலாம்.

பேண்ட்பாஸ் பெட்டியை டூரிஸ்ட் வேன்களில் பார்த்திருப்பீர்கள். சப் வெளியே தெரியாது, அக்ரிலிக் ஜன்னலும் நீல விளக்கும் குழாயும் மட்டும் தெரியும். சப் இரண்டு அறைகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கும், குழாயிலிருந்து மட்டுமே சத்தம் வரும். குறுகிய ஓர் அலைவரிசையில் அசுரத்தனமான சத்தம். பழநிக்குப் போகிற வேனில் பின்வரிசை வரை அதிர வேண்டும் என்றால் அதற்கு இது சரியான கருவி. ஆனால் சப் திணறும்போது வரும் கரகரப்பையும் அந்தப் பெட்டியே வடிகட்டிவிடும். சப்பின் கம்பிச்சுருள் கருகும் வாடை வந்த பிறகுதான் விஷயம் தெரியவரும்.

சிஎன்ஜி கார் வைத்திருப்பவர்களுக்குத் தேர்வு எளிது. டிக்கியை சிலிண்டர் எடுத்துக்கொண்டிருந்தால் சீட்டுக்கு அடியில் வைக்கும், ஆம்ப்போடு சேர்ந்த சின்ன சப்தான் மிச்சம். எட்டு இஞ்ச் கோனிடம் 30 ஹெர்ட்ஸை எதிர்பார்க்கக் கூடாது. ஒரே சத்த அளவில் ஓர் ஆக்டேவ் கீழே போக நாலு மடங்கு காற்றைத் தள்ள வேண்டும், அந்த மெல்லிய கோனால் அது முடியாது. ஆனால் கதவு ஸ்பீக்கர்கள் கைவிடும் 50–80 ஹெர்ட்ஸ் இடைவெளியை அழகாக நிரப்பும். குடும்பத்தோடு போகிற காருக்கு அதுவே போதும் என்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை.

பெட்டியை நீங்களே செய்வித்தால்தான் இந்தக் கணக்கெல்லாம் பயன்படும். நம் ஊர் ஆசாரிக்கு லிட்டர் புரியாது, இஞ்சில் கொடுங்கள். 34 லிட்டரோடு சப் அடைக்கும் இடம் சுமார் 2 லிட்டரைச் சேர்த்தால் 36. உள்ளளவு 16, 12, 11½ இஞ்ச். "உள்ளளவு" என்பதை இரண்டு தடவை சொல்லுங்கள். 18 மி.மீ. பலகையில் செய்தால் வெளியளவு 49 லிட்டர் ஆகிவிடும். ஸ்விஃப்ட் டிக்கியில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. மேலே சொன்ன 50 லிட்டர் போர்ட்டட் பெட்டி, சப்பும் பைப்பும் அடைக்கும் இடத்தையும் சேர்த்தால், வெளியே 73 லிட்டரைத் தொடும். ஊருக்குப் போகும்போது பையெல்லாம் யார் மடியில் வைப்பது என்று வீட்டில் கேள்வி வரும்.

பலகைக்கு எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) நல்லதுதான். கனம், சீரான அடர்த்தி, வெட்டச் சுலபம். ஆனால் தண்ணீர் பட்டால் பிஸ்கட் மாதிரி உப்பிவிடும். டிக்கி ரப்பர் வழியே மழைநீர் இறங்கும் பழைய கார் என்றால் நல்ல மரைன் பிளைவுட்டுக்குப் போய்விடுங்கள். மூட்டுகளில் ஃபெவிகால், அதன் மேல் ஸ்க்ரூ, காய்ந்த பிறகு உள்மூலைகளில் சிலிகான். சீல்டு பெட்டியில் ஊசித்துவாரம் இருந்தால்கூட விசில் அடிக்கும். உள்ளே கொஞ்சம் பஞ்சு அடைத்தால் பெட்டி சற்றுப் பெரியதுபோல நடந்துகொள்ளும். தலையணைக் கடையில் பாலியஸ்டர் பஞ்சாகக் கேட்டு வாங்குங்கள். இலவம்பஞ்சு பறந்து காந்த இடைவெளிக்குள் போய்விடக்கூடும்.

பெட்டியும் சப்பும் சேர்ந்து 15 கிலோவைத் தாண்டும். அதை டிக்கியில் சும்மா வைத்துவிட்டு ஓட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். நெடுஞ்சாலையில் சடன் பிரேக் போட்டால் அது பின்சீட்டில் இருப்பவர்கள் மேல்தான் வந்து விழும். எல்-கிளாம்ப் போட்டுத் தரையோடு முடுக்க வேண்டும், அடியில் பெட்ரோல் டேங்க்கும் பைப்பும் எங்கே ஓடுகின்றன என்று பார்த்துவிட்டு. பேட்டரியிலிருந்து ஆம்ப்புக்கு வரும் வயரில், பேட்டரிக்கு ஒன்றரை அடிக்குள் ஃப்யூஸ் இருக்கட்டும்.

வாட்ஸைப் பற்றி ஒரே வரி: அட்டையில் பெரிதாக அச்சடித்த எண்ணை விட்டுவிட்டு, சிறிய எழுத்தில் இருக்கும் ஆர்எம்எஸ்ஸை (தொடர்ந்து ஓடக்கூடிய வாட்ஸ்) பாருங்கள். ஹேட்ச்பேக்கில் சீல்டு பெட்டிக்கு உண்மையான 250, 300 ஆர்எம்எஸ் தாராளம்.

எல்லாம் மாட்டியாயிற்று என்றால் கடைசியாக இதைச் செய்யுங்கள். ஆம்ப்பில் லோபாஸை (குறித்த அதிர்வெண்ணுக்கு மேலுள்ள ஒலியை சப்புக்கு அனுப்பாமல் வெட்டும் வடிகட்டி) 80 ஹெர்ட்ஸில் வைத்து, பேஸ் கிட்டார் தெளிவாகக் கேட்கும் ஒரு பழைய பாட்டைப் போட்டு டிரைவர் சீட்டில் உட்காருங்கள். சப்பின் பிளஸ்ஸையும் மைனஸையும் மாற்றிக் கொடுத்து மறுபடி கேளுங்கள். எந்த இணைப்பில் பேஸ் முன்னால் டேஷ்போர்டிலிருந்து வருவதுபோல் முழுசாகக் கேட்கிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். ஹேட்ச்பேக்கில் பெட்டியைத் திருப்பி, கோன் டிக்கிக் கதவைப் பார்க்கும்படி பின்னால் தள்ளியும் ஒருமுறை கேளுங்கள், பல கார்களில் அதுதான் நன்றாக இருக்கும். பிறகு வெளியே இறங்கி, பின் நம்பர் பிளேட் கடகடக்கிறதா என்று பார்த்து, அதன் பின்னால் நாலு துண்டு ஃபோம் டேப் ஒட்டிவிடுங்கள்.